பறங்கிக்காய்: அயல்வரவு நாட்டுக் காயான வரலாறு – அமிர்தி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழர் சமையலில் ‘நாட்டுக் காய்’ என்று கருதப்படும் பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியது, கி.பி. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தது. அதற்கு முன் ‘பூசணி’ என்பது வெண்பூசணியை மட்டுமே குறித்திருக்க இயலும். பெயர், சமையல் முறை, சடங்கு ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு, இப்புதிய காய் பழைய காயின் இடத்தில் எவ்வாறு அமர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி வட்டாரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. ‘நாட்டுக் காய்’ என்னும் வகைப்பாடு தாவரத்தின் பிறப்பிடத்தை அன்று, அது ஏற்கப்பட்ட காலத்தையே சுட்டுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: பறங்கிக்காய், வெண்பூசணி, அமிர்தி, சவ்வாது மலை, உணவு வரலாறு, தாவரப் பெயரியல்.

முன்னுரை

உணவுப் பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் அயல்தோற்றத்தை மறவாமல் குறிப்பிடுவர். பறங்கிக்காய் அப்பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகிறது. அதற்குக் காரணம் உண்டு. மார்கழிக் கோலத்தின் நடுவே அதன் பூ வைக்கப்படுகிறது; பொங்கல் நாளில் அதன் காய் குழம்பில் இடப்படுகிறது; திருவாதிரைக் களிக்குத் துணையாகும் கூட்டில் அதற்குத் தவறாத இடம் உண்டு. இவ்வளவு ஆழமாக ஊன்றிய ஒன்று அயலிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுவதில்லை.

இந்த மறதி ஆய்வில் பிழைகளை விளைவிக்கிறது. வடமொழியின் கூஷ்மாண்டம் என்னும் சொல்லைப் பலரும் ஆராயாமல் ‘பறங்கிக்காய்’ என்று பொருள் கொள்கின்றனர். மருத்துவ நூல்களில் வரும் பூசணியை இன்றைய மஞ்சள் பூசணியாகக் கொண்டு அதன் குணங்களை விளக்குகின்றனர். தொல்குடிகளின் ‘மரபுப் பயிர்கள்’ பட்டியலில் சாமையையும் பறங்கியையும் ஒரே தொன்மையுடையனவாக வைக்கின்றனர். ஆகவே இவ்விரு காய்களையும் வரலாற்று நோக்கில் வேறுபடுத்திக் காண்பது தேவையாகிறது.

இரு காய்கள், இரு தோற்றங்கள்

வெண்பூசணி, பறங்கி இரண்டும் சுரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் இவை வெவ்வேறு பேரினங்கள். வெண்பூசணி ‘பெனின்காசா’ என்னும் பேரினத்தின்பாற்படும். ஆசியாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்படுவது. முற்றிய காயின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் படலம் படிவதால் நீற்றுப்பூசணி, சாம்பல் பூசணி என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. கல்யாணப் பூசணி என்பதும் இதுவே.

பறங்கி ‘குக்குர்பிட்டா’ பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் பயிரிடப்படும் இனங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலேயே வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கப்பட்டவை. தமிழகத்தில் பெரிதும் விளைவது ‘மாஸ்கேட்டா’ இனம். ‘மாக்சிமா’ இனமும் உண்டு. காம்பைக் கொண்டு இவற்றை வேறுபடுத்தலாம். மாஸ்கேட்டாவின் காம்பு கடினமாகவும் கோணங்களுடனும் இருந்து, காயைத் தொடும் இடத்தில் விரிந்து காணப்படும். மாக்சிமாவின் காம்பு உருண்டு, தக்கைபோல் மென்மையாக இருக்கும்.

இவற்றின் தோற்றம் பற்றி 19ஆம் நூற்றாண்டில் கருத்து வேறுபாடு நிலவியது. பயிர்களின் பிறப்பிடம் குறித்து விரிவாக எழுதிய அல்போன்சு தெ கந்தோல், மாக்சிமா இனத்தைப் பழைய உலகத்திற்கு உரியதாகக் கருதினார். அவரது நூலை 1883இல் மதிப்பிட்ட ஆசா கிரேயும் டிரம்புல்லும் இவ்வினங்களின் அமெரிக்கத் தோற்றத்தை வலியுறுத்தினர். பின்னர்த் தொல்லியல் இதனை உறுதி செய்தது. மெக்சிகோவின் ஓவாகாகா பகுதியிலுள்ள கிலா நக்விட்சு குகையில் கிடைத்த விதைகளின் காலத்தை 1997இல் புரூசு சுமித் வெளியிட்டார். அவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை. ‘பெப்போ’ இனத்தைச் சேர்ந்தவை. எனவே 1492க்கு முற்பட்ட எந்தத் தமிழ் நூலிலும் பறங்கி இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. சங்கப் பாடல்களில் சுரையும் பீர்க்கும் பாகலும் பயில்கின்றன. அக்குடும்பத்தில் பறங்கி மிகப் பிந்திய வரவு.

களம்: அமிர்தி

அமிர்தி, வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. 1967இல் வனத்துறை அமைத்த சிறு உயிரியல் பூங்காவாலும் அருவியாலும் இவ்வூர் வெளியுலகிற்கு அறிமுகமானது. சவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமேல் வாழ்வோருள் பெரும்பான்மையர் மலையாளி என்னும் பழங்குடியினர், தமிழ் பேசுவோர். இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் என்னும் வழக்கு வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் வெளிவந்த தர்சுடனின் தொகுப்பிலும் எடுத்தாளப்பட்டுள்ளது. அதன் வரலாற்று உண்மை ஒருபுறம் இருக்க, மலைமக்கள் தம்மைச் சமவெளியோடு தொடர்புபடுத்தியே எண்ணினர் என்பதற்கு அது சான்றாகும்.

சாமை, கேழ்வரகு, தினை, கொள், மொச்சை ஆகியவை மலையின் மானாவாரிப் பயிர்கள். புளியும் தேனும் கீழே இறங்கும். உப்பும் துணியும் மேலே ஏறும். அப்பரிமாற்றம் நிகழும் வாயில்களுள் அமிர்தி போன்ற அடிவார ஊர்கள் அடங்கும்.

இவ்வட்டாரத்தைக் களமாகக் கொள்வதற்கு மொழி சார்ந்த காரணமும் உண்டு. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காடு தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய பெருநிலமாக இருந்தது. மேற்கே கொங்குத் தமிழும் அதற்கப்பால் கன்னடமும் உள்ளன. ஒரே காய்க்கு வெவ்வேறு பெயரிடும் மரபுகள் இப்பகுதியைச் சூழ்ந்துள்ளன.

பெயரே ஆவணம்

ஒரு புதிய பொருளுக்குப் பெயரிட மொழிக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய பொருளின் பெயரையே நீட்டித்து வழங்கலாம், பழைய பெயருக்கு அடைமொழி சேர்க்கலாம், புதுப்பெயர் படைக்கலாம். பறங்கியைப் பொறுத்தவரை இந்திய மொழிகள் இம்மூன்றையும் கையாண்டுள்ளன.

தெலுங்கில் ‘கும்மடி’ இரு காய்களுக்கும் பொது; வெண்பூசணியைக் குறிக்க, சாம்பல் என்னும் பொருளுடைய ‘பூடித’ என்னும் அடை முன்வரும். கன்னடத்தில் ‘கும்பள’ அவ்வாறே. இனிப்பு, சாம்பல் என்னும் அடைகள் இரண்டையும் பிரிக்கும். இந்தியில் வழங்கும் ‘கும்ஹரா’ கூஷ்மாண்டத்தின் திரிபாக இருந்தும், அது இன்று பறங்கியையும் சுட்டுகிறது. மராத்தியில் சுரைக்கும் பறங்கிக்கும் ‘போப்ளா’ பொது; பறங்கி அங்குச் ‘செம்போப்ளா’. வங்காளத்தில் ‘பிலாத்தி கும்ரா’, அதாவது அயல்நாட்டுக் கும்ரா என்னும் வழக்கு உண்டு. மலையாளம் ‘கும்பளம்’ என்பதை வெண்பூசணிக்கே நிறுத்திக்கொண்டு, புதிய காயை ‘மத்தன்’ என்று தனித்தழைத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்தூசு மலபாரிக்கூசு’ நூலின் 8ஆம் தொகுதியில் கும்பளம் அப்பெயராலேயே பதிவாகியுள்ளது.

தமிழ் இம்மூன்று வழிகளையும் வட்டாரந்தோறும் பின்பற்றியது. தென்மாவட்டங்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என அடைமொழி சேர்ந்தது. கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்னும் தனிப்பெயர் நிலைத்தது. வடமாவட்டங்களிலும் சோழ நாட்டிலும் பறங்கிக்காய் என்னும் பெயர் வேரூன்றியது. பேச்சில் பூசணி என்னும் பொதுப்பெயரும் இரண்டுக்கும் வழங்குகிறது.

இவற்றுள் ‘பறங்கி’ மட்டுமே தன் வரலாற்றைத் தானே சுமந்து நிற்கும் பெயர். ‘பிராங்கு’ என்னும் இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே ‘பரங்கி’ என்றாகி ஐரோப்பியரைக் குறித்தது. தமிழகத்தில் முதலில் போர்த்துக்கீசியரைச் சுட்டியது. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை என்னும் ஊர்ப்பெயர்கள் அதன் சுவடுகள். (இன்று ‘பரங்கிக்காய்’ என இடையின ரகரத்துடன் எழுதுவதே பெருவழக்காகிவிட்டதால் இத்தொடர்பு கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.) பறங்கிப்புண் என்னும் நோய்ப்பெயரும், அதற்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட பறங்கிப்பட்டை என்னும் வேர்மருந்தும் இதே காலத்தன. அவ்வேரைப் பற்றிக் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் எழுதியுள்ளார். வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் அந்நோயைப் ‘பிரங்க ரோகம்’ என்கிறது. நோயும் மருந்தும் காயும் ஒரே அடையைப் பெற்றமை, ஒரே கடல்வழித் தொடர்பின் விளைவு.

இவ்விடத்தில் ஒரு வரிசைமுறையைக் காணலாம். போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த பொருள்கள் ‘பறங்கி’ என்னும் அடையைப் பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தவை ‘சீமை’ என்னும் அடையைப் பெற்றன. பறங்கியைப் போலவே அமெரிக்காவில் தோன்றிய, அதே சுரைக் குடும்பத்தைச் சேர்ந்த சௌசௌ ‘சீமைக் கத்திரிக்காய்’ ஆனது இதற்கு எடுத்துக்காட்டு. முட்டைக்கோசு, காரட் போன்றவை பின்னர் ‘இங்கிலீஷ் காய்கள்’ எனப்பட்டன. பறங்கி, சீமை, இங்கிலீஷ் என்னும் அடைகளை மண்ணடுக்குகளைப் போல் கொண்டு ஒரு பொருளின் வருகைக் காலத்தை ஏறத்தாழக் கணிக்க இயலும். சௌசௌவும் பறங்கியும் ஒரே கண்டத்தின் காய்கள். பெயர்களே அவற்றின் வருகையை வேறுபடுத்துகின்றன.

கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை

16ஆம் நூற்றாண்டில் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் போர்த்துக்கீசியக் குடியிருப்புகள் இருந்தன. விசயநகரத்தின் பிற்கால அரவீடு மரபினர் சந்திரகிரியிலும் பின்னர் வேலூரிலும் இருந்து ஆண்டனர். 1598இல் சாந்தோமைச் சேர்ந்த இயேசு சபையினர் சந்திரகிரியில் இரண்டாம் வேங்கடரின் அவைக்குச் சென்றனர். அத்தொடர்பு வேலூரிலும் நீடித்தது. கடற்கரைக்கும் பாலாற்றுச் சமவெளிக்கும் இடையே மக்களும் பொருள்களும் சென்றுவந்த வழி இதனால் தெளிவாகிறது. விதை இவ்வழியே வந்தது என்பது ஊகமே. ஆயின் பறங்கி என்னும் பெயர் வடதமிழகத்தில் வலுவாக ஊன்றியிருப்பதோடு அது பொருந்துகிறது.

வந்த விதை நிலைத்ததற்கு வேளாண்மைக் காரணங்கள் உண்டு. தமிழகத்தில் பறங்கிக்கு ஆனி–ஆடியும் மார்கழி–தையும் விதைப்புப் பருவங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 வகைக்கு 175 நாளும் கோ 2 வகைக்கு 135 நாளும் வயது எனக் கூறப்படுகின்றன. ஆடிப்பட்டத்தில் இட்ட விதை கார்த்திகை முதல் தை வரையிலான காலத்தில் முற்றிய காயைத் தரும் என்பது இதிலிருந்து பெறப்படும். தனிப்பாத்தியோ இறைவைக் கிணறோ அதற்கு வேண்டா. எருக்குழியின் ஓரத்தில் ஊன்றினால் கூரைமேல் படரும். மானாவாரிப் புனத்தில் தானியத்தின் ஊடேயும் ஓடும்.

அதனினும் முதன்மையானது அதன் சேமிப்புத் தன்மை. காம்போடு அறுத்து, அடிபடாமல் உலர்ந்த இடத்தில் வைத்தால் முற்றிய பறங்கி மாதக்கணக்கில் கெடாது. மேலை நாட்டார் இத்தகைய காய்களைக் ‘குளிர்காலப் பூசணி’ என்பதும் இக்காரணம் பற்றியே. அவை குளிர்காலத்தில் விளைவன அல்ல, அக்காலம் முழுமைக்கும் வைத்துண்ணத் தக்கவை. தமிழகத்தில் அந்த இடத்தைக் கோடை பெறுகிறது. கீரையும் கொடிக்காயும் வற்றிப்போகும் மாசி, பங்குனி மாதங்களில் கேழ்வரகுக் களிக்குக் குழம்பாகும் காய் வீட்டு மூலையிலேயே கிடக்கிறது. இப்பயனை முன்பே அளித்துவந்தது வெண்பூசணி. பறங்கி அதே பயனோடு இனிப்பையும் நிறத்தையும் கொண்டுவந்தது.

அடுப்படியில் ஏற்பு

புதிய காய்க்காகத் தமிழர் புதிய சமையல் முறை எதையும் உருவாக்கவில்லை. சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, பொரியல், அடை என ஏற்கெனவே இருந்த வடிவங்களுக்குள் அது நுழைந்தது. எனினும் வெண்பூசணியின் இடம் முழுவதையும் அது கைப்பற்றவில்லை. நீர்ச்சத்து மிகுந்து தனக்கெனச் சுவை குறைந்த வெண்பூசணி மோர்க்குழம்பையும் வடகத்தையும் காசி அல்வாவையும் தக்கவைத்துக்கொண்டது. மாவுத்தன்மையும் இனிப்பும் கொண்ட பறங்கி புளியும் காரமும் சேர்ந்த குழம்புக்கும், வெல்லமும் பாலும் சேர்ந்த கூட்டுக்கும் உரியதாயிற்று. கேரளத்திலும் இதே பங்கீடு தெரிகிறது: ஓலனுக்குக் கும்பளம், எரிசேரிக்கு மத்தன்.

பறங்கிக்காய்ப் பால்கூட்டு இங்குத் தனியே நோக்கத்தக்கது. காயைக் குழைய வேகவைத்து, வெல்லம் சேர்த்து, அரிசி மாவால் இறுக்கி, பால் ஊற்றி இறக்குவர். 1796இல் வெளிவந்த அமெலியா சிம்மன்சின் ‘அமெரிக்கன் குக்கரி’ என்னும் சமையல் நூலிலும் பறங்கிக்கான செய்முறைகள் உள்ளன. அங்கும் வெந்து மசித்த காயோடு பாலும் இனிப்பும் வாசனைப் பொருளும் கூடுகின்றன. ஆனால் முட்டை சேர்த்து, மாவு உறையில் இட்டு, வெதுப்படுப்பில் சுடுகின்றனர். ஒன்றையொன்று அறியாத இரு சமையல் மரபுகள் ஒரே காய்க்கு ஒரே துணைப்பொருள்களைத் தேர்ந்துள்ளன; அவற்றை இறுகச்செய்யும் வழியே வேறுபடுகிறது. அங்கு முட்டையும் சூழ்ந்த வெப்பமும். இங்கு அரிசி மாவும் கீழிருந்து எரியும் அடுப்பும். தமிழர் வீடுகளில் வெதுப்படுப்பு இல்லாமையால் பறங்கி ரொட்டியாகவோ அப்பமாகவோ வேகவில்லை. இந்திய அடுமனைகளில் வேறொரு முரண் நிகழ்ந்தது. அலகாபாத்துக் கேக்கில் இடப்படும் ‘பேட்டா’ சர்க்கரைப் பாகில் ஊறிய வெண்பூசணி. அயலிலிருந்து வந்த காய் நாட்டுச் சட்டியில் வெந்தது. நாட்டுக் காயோ அயல் அடுப்பில் புகுந்தது.

சடங்கில் ஏற்பும் விலக்கும்

சடங்குகளில் பறங்கி பெற்ற இடம் ஒரே தன்மையதன்று. கண்ணேறு கழிக்கவும் ஆயுத பூசை நாளில் உடைக்கவும் வெண்பூசணியே வேண்டும். புதுமனையின் முன் கட்டுவதும் அதுவே. பலியிடுதலுக்கு மாற்றாகக் கூஷ்மாண்டத்தை வெட்டும் பழைய மரபின் தொடர்ச்சி இது. வெண்சதையின் மேல் குங்குமச் சிவப்பு படர்வதே அச்சடங்கின் காட்சிப்பொருள். மஞ்சள் சதையுள்ள பறங்கி அதற்குப் பயன்படவில்லை.

மார்கழிக் கோலத்தில் நிலைமை வேறு. அங்கு வேண்டுவது விடியலில் விரிந்த மஞ்சள் பூ. சுரைப்பூ வெண்ணிறமானது, மாலையில் மலர்வது, ஆகவே பொருந்தாது. வெண்பூசணிப் பூவும் பறங்கிப் பூவும் மஞ்சள் நிறத்தன. இரண்டும் வைகறையில் மலர்வன. ஒன்றின் இடத்தை மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமலேயே பெற்றுவிட இயலும். பறங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றும், ஆண்பூக்களே மிகுதி. சிலவற்றை விட்டு ஏனைய ஆண்பூக்களைப் பறிப்பதால் விளைச்சல் குறையாது. சாண உருண்டையின்மேல் வைக்கும் பூ, காயை இழக்காமலேயே கிடைத்துவிடுகிறது.

திருவாதிரைக் கூட்டு மூன்றாவது நிலையைக் காட்டுகிறது. அதில் வாழைக்காய், அவரை, மொச்சை, சேனை ஆகியவற்றோடு பறங்கியும் சர்க்கரைவள்ளியும் இடம்பெறும். மரபான செய்முறையில் உருளைக்கிழங்கும் தக்காளியும் இடம்பெறா. இந்நான்கும் அமெரிக்கத் தோற்றத்தன. முன்னவை இரண்டும் நாட்டுக் காய்களாக ஏற்கப்பட, பின்னவை இரண்டும் விலக்கப்பட்டதற்குத் தாவரவியல் காரணம் ஏதுமில்லை. பூரி சகந்நாதர் கோயில் அடுக்களையும் பறங்கியை ஏற்று, உருளைக்கிழங்கையும் தக்காளியையும் விலக்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியோடு பரவியவை அயலாயின. அதற்கு முன்பே வேரூன்றியவை நாட்டவையாயின.

‘நாட்டுக் காய்’ என்னும் கருத்தாக்கம்

இன்று மரபு விதைகளைப் பற்றிய பேச்சு வலுத்துவருகிறது. அமிர்தியை அடுத்த அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய், ‘வேலூர் முள்ளுக் கத்திரி’ என்னும் பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சவ்வாது மலைச் சாமையும் தனக்கெனப் பெயர் பெற்றுள்ளது. இத்தகைய முயற்சிகளில் ‘இது நம் முன்னோர் காலந்தொட்டு உள்ளது’ என்னும் வாதம் முன்வைக்கப்படுகிறது. சாமைக்கும் கத்திரிக்கும் அது பொருந்தும். பறங்கிக்கு அவ்வாதத்தை அப்படியே பயன்படுத்தினால் வரலாறு அதனை மறுக்கும்.

அதனால் மலைக்கொல்லையில் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைக்கப்பட்ட பறங்கி விதை மதிப்பிழந்துவிடாது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் இம்மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப உழவர் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய வேறுபாடுகள் அவ்விதையில் உள்ளன. அதன் மதிப்பு தோற்றத்தின் தொன்மையில் இல்லை; தேர்வின் தொடர்ச்சியில் உள்ளது. மரபு விதையைக் காப்பதற்கான வாதம் இந்த அடிப்படையில் அமைந்தால் எந்தத் தொல்லியல் சான்றும் அதனை அசைக்காது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

1. கி.பி. 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நூல்களில் வரும் பூசணி, கூஷ்மாண்டம், கும்பளம் ஆகிய சொற்களை வெண்பூசணி என்றே கொள்ள வேண்டும். பறங்கியைத் தெளிவாகச் சுட்டும் பகுதி ஒரு நூலில் இருப்பின், அப்பகுதி பிற்காலத்தது அல்லது இடைச்செருகல் எனக் கருதுவதற்கு அதுவே அகச்சான்றாகும். காலம் உறுதிப்படாத மருத்துவச் சுவடிகளை ஆராய்வோர்க்கு இது பயன்படும்.

2. பறங்கி, சீமை, இங்கிலீஷ் என்னும் அடைமொழிகள் அயற்பொருள்களின் வருகையைக் கால அடுக்குகளாகக் காட்டுகின்றன.

3. பழைய காய் வகித்த இடங்களில் தன் இயல்புக்கு ஏற்றவற்றை மட்டுமே பறங்கி பெற்றது. நிறம் தடுத்த இடத்தில், அதாவது பூசணி உடைத்தலில், அது நுழையவில்லை. நிறமும் மலரும் பொழுதும் ஒத்த மார்கழிக் கோலத்தில் எளிதில் நுழைந்தது.

4. ‘நாட்டுக் காய்’ என்பது தோற்றத்தைச் சுட்டும் வகைப்பாடன்று. ஏற்பின் காலத்தைச் சுட்டும் பண்பாட்டு வகைப்பாடு.

அமிர்தி தொடங்கிச் சமுனாமரத்தூர் வரையுள்ள ஊர்களில் இக்காய்க்கு வழங்கும் பெயர்களையும், விதை வகைகளையும், காம்பின் அமைப்பையும் ஒருங்கே தொகுத்தால், அடிவாரத்தின் பெயர்களும் மலைமேல் வழங்கும் பெயர்களும் எங்கே பிரிகின்றன என்பது புலப்படும். சமவெளியிலிருந்து இவ்விதை மலையேறிய வழியை அறிய அத்தகைய களத்தொகுப்பே அடுத்த படியாக அமையும்.